பட்டியல் யார் கையில்?

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மாலை நேர வாகன நெரிசலைக் கடந்து பொரளைக்கு வந்து சேர்ந்த சகோதர சகோதரிகளே, பின்வரிசையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளையவர்களே!

போனை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான். அது கையிலேயே இருக்கட்டும்.

"டிஜிட்டல் உரிமைகளும் சட்டமும் நியாயமும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இது ஐரோப்பாவில் இருப்பவர்களின் பேச்சு, கணினி படித்த பிள்ளைகளின் பேச்சு, நமக்கு அரிசி விலையும் மின்கட்டணமும்தான் கவலை என்று நினைத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களிடம்தான் முதலில் பேச வேண்டும். கொழும்பில் வாழும் தமிழருக்கு இந்த விடயம் புதிதா? கணினி வருவதற்கு முன்பே நாம் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டோம். படித்த இடம் இந்தப் பொரளை.

கனத்தை மயானம் இங்கிருந்து நடந்து போகும் தூரம். 1983 ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களை மறுநாள் கனத்தையில் அடக்கம் செய்ய ஏற்பாடு. மாலை முழுக்கக் காத்திருந்து கொதித்துப்போன கூட்டம் மயானத்தை விட்டு வெளியே வந்தது. பொரளையில் முதல் தீ எழுந்தது. விடிந்தபோது தீ நகரெங்கும் பரவியிருந்தது. அதே பொரளையில், வெலிக்கடைச் சிறைக்குள், 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

இவை உங்களுக்குத் தெரிந்தவை. இங்கே இருக்கும் மூத்தவர்கள் சிலர் கண்ணால் பார்த்தவை. நான் கேட்க வருவது ஒரு சின்னக் கேள்வி. ஒரு ஒழுங்கையில் பத்து வீடுகள். எல்லாம் ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி மதில். இரண்டாம் வீட்டை விட்டு, மூன்றாம் வீட்டை விட்டு, நான்காம் வீட்டுக் கதவை மட்டும் உடைத்தார்களே, அது தமிழர் வீடு என்று வந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

வாக்காளர் இடாப்பு அவர்கள் கையில் இருந்தது. தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வு நூல்கள் பதிவு செய்தன. அந்த இடாப்பை எதற்காகத் திரட்டினார்கள்? நாம் வாக்களிப்பதற்காக. எதற்குப் பயன்பட்டது? நம் வீட்டைக் கொளுத்துவதற்கு.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த இடாப்பில் பொய் ஒன்றும் இல்லை. பெயர் சரி. வீட்டு இலக்கம் சரி. வீதியின் பெயர் சரி. கிராம சேவகர் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தார். சரியான தகவல், சரியான முறையில் எடுக்கப்பட்ட தகவல், தவறான கைக்குப் போனது. ஆகையால் யாராவது உங்களிடம் வந்து, "நான் பிழை ஒன்றும் செய்யவில்லையே, என் விபரத்தை யார் வைத்திருந்தால் எனக்கென்ன?" என்று கேட்டால், அவரைக் கோபிக்காதீர்கள். 83இல் அந்த நான்காம் வீட்டுக்காரர் என்ன பிழை செய்தார் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

நண்பர்களே, அது கலவர காலம், கும்பலின் வேலை, அரசாங்கத்தின் பதிவு முறையைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சரி, கும்பலை விடுவோம். சட்டப்படி நடந்ததைப் பார்ப்போம்.

போர்க்காலத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு ஒரு படிவம் மறக்காது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அடையாள அட்டை இலக்கம் என்ன, சொந்த ஊர் எது, எதற்காக வந்தார், எப்போது போவார் என்று எழுதி பொலிஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்கு வந்த சித்தப்பாவின் பெயரையும் எழுத வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வந்த ஆச்சியின் பெயரையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இரவுச் சுற்றிவளைப்பில் அகப்படுவார். எழுதினாலோ, எந்த வீட்டில் யாழ்ப்பாணத்து ஆள் நிற்கிறார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அடையாள அட்டையே ஒரு சாட்சிதானே? பிறந்த இடம் அதில் இருக்கும். போதாததற்கு, வடக்குக் கிழக்கில் வழங்கிய அட்டையில் தமிழும் சிங்களமும் இருந்தன, மற்றப் பகுதிகளின் அட்டையில் சிங்களம் மட்டுமே இருந்தது. எல்லோருக்கும் இரு மொழியிலும் அட்டை என்பது 2014இல்தான் வந்தது. அதுவரை சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு அட்டையை வாசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எட்ட நின்று பார்த்தாலே போதும்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை. கொழும்பு லொட்ஜ்களுக்குப் பொலிஸ் வந்தது. வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு இருந்தவர்கள். பையை எடுத்துக்கொள்ள அரை மணி நேரம். ஏறத்தாழ 375 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தங்கள் சொந்த நாட்டின் தலைநகரத்திலிருந்து! லொட்ஜில் அறை எடுக்கவென்று எழுதிக் கொடுத்த பெயரும் ஊரும் அவர்களைக் காப்பாற்றவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மறுநாளே உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடையுத்தரவு வாங்கியது. அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அவர் வருத்தப்பட்டார் என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும், நியாயமாகப் பேசுவதென்றால். ஆனால் அடுத்த ஆண்டே, 2008 செப்டம்பரில், ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று மீண்டும் பெயர் பதிந்தார்கள்.

இந்தப் பதிவுகளுக்குச் சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. வீட்டில் இருப்போரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் கேட்க, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவை எடுத்துக் காட்டுவார்கள். அது எந்த ஆண்டுச் சட்டம் தெரியுமா? 1865. விக்டோரியா மகாராணி காலத்தில், கொழும்புக்கு மின்சாரம் வருவதற்கு முன்னால் எழுதிய சட்டம். போர் முடிந்து நெடுநாள் கழித்தும் கொழும்பில் இந்தப் படிவம் வீடு வீடாக வந்தது. தமிழ் அரசியல் தலைவர் மனோ கணேசன் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அன்று அந்தப் படிவம் பொலிஸ் நிலையத்தின் ஒரு மூலையில், ஃபைல் கட்டுக்குள் தூசி பிடித்துக் கிடந்திருக்கும். இன்று அதைக் கணினியில் ஏற்ற ஒருவருக்கு ஒரு மாதம் போதும். ஏற்றிய பிறகு, ஒரு இனத்தின் பெயரை மட்டும், ஒரு ஊரின் பெயரை மட்டும் பிரித்தெடுக்க எத்தனை நொடி வேண்டும்? பின்வரிசைப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தை எடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கே மிகச் சிறந்த குடிசனப் பதிவேடு இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் சமயமும் உண்டு. நல்ல நோக்கத்தோடு, நல்ல உத்தியோகத்தர்கள் செய்த வேலை. 1940இல் நாட்சிகள் நாட்டைப் பிடித்தார்கள். யூதர் யார், எந்த வீதியில், எந்த வீட்டில் என்று தேடி அலைய வேண்டிய சிரமமே அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த நாட்டின் யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் அழிந்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் அந்த அளவுக்கு இல்லை. 1943 மார்ச்சில் அம்ஸ்டர்டாமின் சில கலைஞர்களும் மாணவர்களும் பொலிஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு நகரப் பதிவகத்துக்குள் நுழைந்து, அதற்கு வெடி வைத்தார்கள். தங்கள் சொந்த நகரத்தின் பதிவேட்டைக் கொளுத்துவதுதான் அன்று அவர்களுக்குத் தேசப்பற்றாக இருந்தது. வில்லெம் அரொன்டெயஸ் என்ற ஓவியர் உட்படப் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நாடு அதிலிருந்து பாடம் படித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதே நெதர்லாந்தில், நம் காலத்தில், பிள்ளை பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்வோரைப் பிடிக்க வரித் திணைக்களம் கணினியை நம்பியது. இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அது சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஆயிரக்கணக்கான பெற்றோரைக் கள்வர்கள் என்று சொல்லி, பெற்ற பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கமே பதவி விலகியது. துப்பாக்கி இல்லை, கும்பல் இல்லை, யாருக்கும் யார்மீதும் பகை இல்லை. ஒரு பட்டியலும் ஒரு கணக்கும் மட்டுமே.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நாட்கணக்கில் வரிசையில் கிடந்து, வரிசையிலேயே மனிதர் செத்த காலம் அது. அமைச்சரின் காருக்கும் ஓட்டோக்காரருக்கும் ஒரே திரை, ஒரே ஒலி. தொழில்நுட்பம் நியாயத்தைக் கொண்டுவரும் என்பதற்கு இந்த நாட்டில் நான் கண்ட நல்ல உதாரணம் அது. சாதாரண மனிதருக்கு அது செய்த உதவியை நான் என்றைக்கும் மறுக்கமாட்டேன்.

ஆனால் அதற்காக நாம் கொடுத்தது என்ன? அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், வாகன இலக்கம். எந்த நாளில் எந்த நிரப்பு நிலையத்தில் நின்றோம் என்ற பதிவு. 2023 செப்டம்பரில் ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. எரிபொருள் தட்டுப்பாடு தீர்ந்தது. தரவு? அழித்தார்களா, வைத்திருக்கிறார்களா, வேறு திணைக்களத்துக்குக் கொடுத்தார்களா? உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியாவது வந்ததா? "உங்கள் விபரங்கள் அழிக்கப்பட்டன, நன்றி" என்று?

நம்மில் பிழை இல்லையா? உண்டு. காலி வீதியில் எந்தக் கொமியுனிகேஷன் கடைக்கும் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு, வங்கிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு என்று அடையாள அட்டையைக் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்வோம். தம்பி வேலையை முடித்து காசையும் வாங்கிக்கொள்வார். அட்டையின் படம் அந்தக் கணினித் திரையிலேயே கிடக்கும், நமக்கு முன்னால் வந்த இருபது பேரின் அட்டைகளோடு. "தம்பி, அதை அழித்துவிடுங்கோ" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால் அவர் கோபிக்கமாட்டார். நாம்தான் கேட்பதில்லை.

அடுத்து அஸ்வெசும. 2023இல் தொடங்கிய நலன்புரித் திட்டம். ஏழை யார் என்று முடிவு செய்ய 22 குறிகாட்டிகள் வைத்தார்கள். படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தின் அமைப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி. புள்ளியின்படி நான்கு வகுப்பு. தொடக்கத்தில் அதிவறியவருக்கு மாதம் 15,000 ரூபா, வறியவருக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவருக்கு 5,000, நிலைமாறும் குடும்பத்துக்கு 2,500. அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் உதவி கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். இதற்கு முந்திய சமுர்த்தி உதவித் திட்டக் காலத்து வேடிக்கைகளை நாம் மறக்கவில்லை. ஆனால் பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் அழுகையும் ஆத்திரமும். இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள். பிரதேச செயலகத்துக்கு முன்னால் வரிசை.

ஒரு தாய் வருகிறாள், "ஏன் எனக்கு இல்லை?" என்று கேட்கிறாள். "உங்களுக்குப் புள்ளி காணாது, அம்மா." "எதில் காணாது?" "அது சிஸ்டத்தில்தான் தெரியும்." இந்தப் பதிலைக் கேட்டு ஒரு மனிதர் வீட்டுக்குத் திரும்பிப் போகலாமா? அந்த உத்தியோகத்தர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் தெரியாது. முன்பெல்லாம் அநியாயம் செய்தவருக்கு ஒரு முகம் இருந்தது. சண்டை பிடிக்கலாம், கெஞ்சலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். புள்ளி போட்ட கணக்கை எங்கே போய்த் தோற்கடிப்பது?

மலையகத்தை நினைத்துப் பாருங்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். அதைத் திரும்பப் பெற ஒரு தலைமுறையின் ஆயுளே போயிற்று. இன்றும் லயத்தில் இருக்கும் பல குடும்பங்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும். முகவரியைக் கேட்டுத் தொடங்கும் ஒவ்வொரு படிவமும் அந்த மக்களை முதல் வரியிலேயே தடுமாற வைக்கிறது. காகிதத்தில் இருந்த ஒதுக்கல் கணினிக்குள் போகும்போது தானாகத் திருந்துமா? அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். வேகமும் சேர்ந்துகொள்ளும்.

இனி வரப்போவதுதான் பெரியது. டிஜிட்டல் அடையாள அட்டை. முகம், கைரேகை, கருவிழி மூன்றையும் பதிந்து, ஒரே இலக்கத்தில் எல்லாச் சேவையும் என்ற திட்டம். இந்தியாவின் நிதி உதவியோடு நடக்கிறது. 2023 ஆகஸ்டில் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா கையளிக்கப்பட்டது. இந்திய அனுபவத்தையும் சேர்த்துத்தானே நாம் வாங்க வேண்டும்? அங்கே ஆதார் 100 கோடிக்கு மேற்பட்டோரிடம் இருக்கிறது. பலருக்கு நன்மை செய்திருக்கிறது. அதே ஆதாருக்கான ரேகை ஒத்துப்போகாமல் ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கூலியாட்களும் இருக்கிறார்கள். கொழுந்து பறித்துப் பறித்து, கவ்வாத்து வெட்டி வெட்டி ரேகை தேய்ந்த விரல்கள் நம் நாட்டில் இல்லையா?

இந்தியாவில் ஒன்று நடந்தது. கே.எஸ். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, தொண்ணூறு வயதை நெருங்கும் காலத்தில், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அடுத்த ஆண்டு ஆதாரை அனுமதித்தார்கள், ஆனால் தனியார் நிறுவனங்கள் விரும்பியபடி அதைக் கேட்பதை வெட்டினார்கள். இலங்கையின் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று எழுதிய ஓர் உறுப்புரையைக் காட்டுங்கள் பார்ப்போம். இல்லை. 2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் தகவல் அறியும் உரிமை வந்தது. அரசாங்கத்தைப் பற்றி நாம் அறிவதற்கு உரிமை. நம்மைப் பற்றி அரசாங்கம் அறிவதற்கு எல்லை? அது அரசியலமைப்பில் இன்னும் எழுதப்படவில்லை.

சட்டம் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இங்கேதான் நான் இன்று சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2022 மார்ச்சில், இந்தியாவுக்கு முன்பாகவே, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். நல்ல சட்டம். ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தகவலை வேறு நோக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்பதே அதன் அடித்தளம். தேவை முடிந்தால் அழிக்க வேண்டும். பிழையைத் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. கணினி தனியே எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மீண்டும் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. அஸ்வெசுமத் தாய்க்குத் தேவையானது இதுதானே? மீறுகிற நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம். 2025 மார்ச் 18ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றார்கள். அந்த நாள் வருவதற்குள் ஒத்திவைத்தார்கள். பிறகு ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, எந்தப் பகுதி எப்போது என்பதை அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலுக்கு விட்டார்கள்.

இப்போது மற்றச் சட்டத்தைப் பாருங்கள். இணையத்தில் நாம் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 செப்டம்பரில் வர்த்தமானி. உயர் நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள். 30க்கும் மேற்பட்ட வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன கையொப்பமிட்டார். அன்றே சட்டமாயிற்று. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே எடுத்துச் சொன்னது. சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது, மார்ச்சில் தோற்றது.

இலக்கம் பாருங்கள், இரண்டு சட்டத்துக்கும் ஒரே இலக்கம்! அது 2022இன் 9ஆம் இலக்கம், இது 2024இன் 9ஆம் இலக்கம். நம் தகவலைக் காக்க வந்த ஒன்பது வருடக்கணக்காக வாசலில் நிற்கிறது. நம் வாயைப் பிடிக்க வந்த ஒன்பது ஒரே நாளில் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டது. நியாயம் என்ற ஒன்று இந்த நாட்டின் தொழில்நுட்பச் சட்டத்தில் எங்கே இல்லை என்று கேட்டால், நான் இந்த இடைவெளியைத்தான் காட்டுவேன்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும், உண்மைதான். ஒரு கூற்று பொய்யா மெய்யா என்று அந்த ஐவர் சொல்லலாம். அறிவித்தல் வந்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீக்க வேண்டும். தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான பொய் என்று குற்றங்காணப்பட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை.

பொய்யினால் கேடு வராதா? வரும். நான் அதை மறைக்கமாட்டேன். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், மலடாக்கும் மாத்திரையைக் கலக்கிறார்கள் என்ற வதந்தி முகநூலில் தீயாய்ப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தார். கண்டது வெறும் மாக்கட்டி. அதற்குள் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. சிங்களத்தில் எழுதிய இனவெறிப் பதிவுகளைப் பற்றி இங்குள்ளவர்கள் முறையிட்டு முறையிட்டுக் களைத்தார்கள். அந்த மொழி தெரிந்தவர்கள் அந்தப் பெரிய நிறுவனத்திடம் போதுமான அளவு இருக்கவில்லை. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து! இலாபத்தை மட்டும் அன்றாடம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்க இவ்வளவு காலம் பிடித்தது.

ஆனால் அன்று சட்டம் இல்லாமலா போயிற்று? இனவெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், இருந்தது. அதில் யாரைப் பிடித்தார்கள்? 2019 மேயில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணை, உடுத்திருந்த சட்டையில் தர்மச்சக்கரம் என்று பிடித்தார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச ஊழியரான ரம்ஸி ராஸிக்கைப் பிடித்தார்கள். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தைப் பேனையாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்வோம் என்று எழுதியவர். ஐந்து மாதத்துக்கு மேல் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். இனவெறுப்பைத் தடுக்க வந்த சட்டம் இவர்கள் மீதும் பாய்ந்தது. அதே மனநிலையிடம் இன்னொரு சட்டத்தையும் கொடுத்துவிட்டு, இதை வைத்துக் கலவரத்தைத் தடுப்பார்கள் என்று நம்பச் சொன்னால் எப்படி?

சமூக ஊடகத் தடையையும் பார்த்தோம். 2019 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையில் அன்று ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். கனடாவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகள் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். சில மணித்தியாலத்துக்குள் அரசாங்கம் எல்லாவற்றையும் நிறுத்தியது. வதந்தியைத் தடுக்கவாம். விபிஎன் தெரிந்த பொடியன் வதந்தியைப் பரப்பிக்கொண்டே இருந்தான். வட்ஸ்அப் மட்டுமே தெரிந்த அம்மாதான் மகனிடம் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்ல வழியில்லாமல் தவித்தாள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்தை அடக்க மறுபடியும் தடை போட்டார்கள். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஆகவே என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்தித் திருத்தி ஒப்பேற்ற வேண்டாம், எடுத்துவிடுங்கள். வெறுப்பைப் பரப்பிக் காசு பண்ணும் நிறுவனங்களிடம் சிங்களமும் தமிழும் தெரிந்த ஆட்களை வை என்று கேட்க ஒரு சட்டம் போதும், அதில் தனிமனிதரைச் சிறையில் போடும் பிரிவு வேண்டியதில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒரு நாள் குறியுங்கள், அந்த நாளை மாற்றாதீர்கள். அது முழுமையாக இயங்கும்வரை எங்கள் கருவிழியையும் கைரேகையையும் கேட்காதீர்கள். 1865ஆம் ஆண்டுப் பிரிவை வைத்து இனி ஒரு வீதி முழுவதையும் பதியாதீர்கள்.

"அப்படியென்றால் பயங்கரவாதியைப் பிடிக்கப் பொலிஸுக்குத் தகவல் வேண்டாமா?" என்று எதிர்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுக்கிறார், கேட்கிறது. வேண்டும் ஐயா. சந்தேகம் உள்ள ஆளின் பெயரைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, நீதவானிடம் கட்டளை வாங்கிக்கொண்டு வரட்டும். நானே கதவைத் திறந்துவிடுவேன். ஒரு ஆளைத் தேடுவதற்கும் ஓர் ஊரையே எழுதி வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் பெயரோடு, இடத்தோடு இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. தகவல் இல்லாமலா அன்று கோட்டை விட்டார்கள்?

கடைசியாக ஒரு வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதற்கு யாரும் நாள் குறிக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து இயங்குகிறது. தமிழில் எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதையும் மறுத்தால் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பின்வாசலுக்குப் பக்கத்து மேசையில் மாதிரி விண்ணப்பங்கள் வைத்திருக்கிறோம். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்துக்கு, கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்துக்கு எழுதுங்கள். கேள்வி நான்குதான். வீட்டுக்காரர் விபரப் படிவங்கள் எந்த ஆண்டுகளில் திரட்டப்பட்டன? இப்போது எங்கே வைக்கப்பட்டுள்ளன? கணினியில் ஏற்றப்பட்டனவா? வேறு எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டன? பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த மேசையில் நின்று, எழுதச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு உதவுங்கள். தபால் தலையும் உறையும் அங்கேயே இருக்கின்றன.

நேரம் ஏழரை ஆகிறது. தலைவர் அனுமதித்தால் இப்போது கேள்விகளை எடுக்கலாம். முதலில் அந்த முணுமுணுத்த ஐயாவுக்கு ஒலிவாங்கியைக் கொடுங்கள்.